எங்கள் வீட்டு அமெரிக்க அண்ணை

என் கணவருக்கு உடன்பிறந்த ஆண்கள் யாரும் இல்லை. நான்கு பெண்களுக்குப் பிறகு மாதாவுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற ஒற்றை ஆண்பிள்ளை. அப்படியிருந்தும் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் "அண்ணை சொன்னவர்" என்ற சொல் விழாத நாள் கிடையாது. அந்த அண்ணை ஒரு வெள்ளைக்காரர். அமெரிக்காவின் தெற்கே ஏதோ ஒரு வெக்கை பிடித்த ஊரில், தன் வீட்டுக் கராஜுக்குள் மைக்கை வைத்துக்கொண்டு, உலகத்தில் நடப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவர். அவருக்கு எங்களைத் தெரியாது. ஆனால் என் கணவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மரியாதைக் குறைவாம்.

என் கணவர் ட்ரக் ஓடிய காலத்தில் தொடங்கிய உறவு அது. ரொறன்ரோவில் சாமான் ஏற்றி, எல்லை தாண்டி, அமெரிக்காவின் அந்தத் தொங்கலில் இறக்கிவிட்டு வருகிற வேலை. எல்லை தாண்டினால் அப்போதெல்லாம் தமிழ் றேடியோ கேட்காது. தனியே மணித்தியாலக் கணக்காக ஓடும்போது றேடியோவைத் திருப்பித் திருப்பி, ஒருநாள் இந்த மனுசனில் போய் முட்டியிருக்கிறார். "நித்திரை வராமல் இருக்கத்தான் முதலில கேட்டனான்" என்பார். கேட்டுக் கேட்டுக் கடைசியில் நித்திரையே வராமல் போனதுதான் மிச்சம். முதுகுவலி வந்து ட்ரக்கை விட்டார். அண்ணையை விடவில்லை. இப்போது அவர் போனுக்குள் இருக்கிறார், குசினிக்குள்ளும் வருகிறார்.

அந்த மனுசனுடைய சரித்திரம் எனக்கு என் மாமியாருடைய சரித்திரத்தைவிட நன்றாகத் தெரியும். இளம் வயதில் வீடு வீடாகப் போய்க் காதுக்கு வைக்கும் கருவி விற்றவர். காது மந்தமான கிழவன் கிழவிகள் அவரைக் கதிரையில் இருத்தி, கோப்பி கொடுத்து, மனதில் கிடந்ததெல்லாம் சொல்லுவார்களாம். பட்டாளத்தில் இருந்த ஒரு கிழவர் சாகுமுன் ஒரு ரகசியம் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் அண்ணை வியாபாரத்தை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். என்ன ரகசியம் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. நேரம் வரும்போது சொல்வேன் என்று இத்தனை வருடமாகச் சனத்தை இருத்தி வைத்திருக்கிறார். கெட்டிக்காரன்.

இரண்டு தரம் கலியாணம் கட்டினவர். முதல் மனைவி அரசாங்கம் வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று அவரே வானொலியில் சொன்னார். இரண்டாவது மனைவியும் விட்டுவிட்டுப் போனபோது, "இவரைப் பாக்க அரசாங்கம் எத்தினை பொம்பிளையளைத்தான் அனுப்பும், பாவம்" என்றேன். என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "உமக்கு உதெல்லாம் பகிடி" என்றார். பிறகு கோப்பையை இழுத்துச் சாப்பிட்டார். அன்றைக்குக் கணவாய்க் கறி.

அண்ணையின் நம்பிக்கைகள் ஒன்றா இரண்டா. வருடத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டை மாற்றுவது எங்கள் ஆயுளில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் களவெடுப்பதற்கு. கடையில் வாழைப்பழம் எல்லாம் ஒரே அளவில் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாரியில் கொட்டுகிற பனி உண்மையான பனி அல்ல. லைட்டரைப் பிடித்தால் உருகாமல் கறுக்குமாம். ஒரு காலமை இவர் வாசலில் குந்தியிருந்து கையில் ஒரு உருண்டைப் பனியை வைத்து லைட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் காருக்குள் ஏறாமல் நின்று பார்த்தார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்; விடிய முன்னம் வெளிக்கிட வேண்டும். பனி அள்ளுகிற சவளைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். "உண்மையோ பொய்யோ, உதை வழியுங்கோ. நான் வேலைக்குப் போகவேணும்."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இவருக்கும் அண்ணைக்கும் மனத்தாங்கல் வந்தது. கனடா என்று ஒரு நாடே இல்லை, அது காகிதத்தில் மட்டும் இருக்கிற ஒரு கொம்பனி என்று அண்ணை ஒருநாள் சொல்லிவிட்டார். என் கணவர் இந்த நாட்டுக்குள் வந்து, அகதி விசாரணையில் வியர்த்து விறுவிறுத்து, பிறகு குடியுரிமைச் சோதனைக்கு ஆறுகளின் பெயரெல்லாம் பாடமாக்கினவர். இரண்டு நாள் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சமாதானமாகி, "அண்ணை அதில கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டார்" என்றார்.

சும்மா சிரித்துவிட்டுப் போகவும் எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் சனத்துக்குச் சதி புதிதா என்ன? ஊரில் சண்டை நடந்து, அரசாங்கம் மின்கலத்துக்கும் சவர்க்காரத்துக்கும் தடை போட்ட காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். கொழும்பு ஒன்று சொல்லும். இந்தியா இன்னொன்று சொல்லும். லண்டன் மூன்றாவது ஒன்று சொல்லும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கணவரின் தகப்பன் சொல்வாராம், "மூண்டு பேரும் சொல்லாததுதான் நடந்தது." அநேகமாக அதுதான் சரியாகவும் இருந்தது. அப்படிக் காது பழகின ஒருவருக்கு, எல்லாரும் பொய் சொல்லுகிறார்கள் என்று ஒரு வெள்ளைக்காரன் கத்தினால் சொந்தக்காரன் போலத்தான் இருக்கும். அதை நான் விளங்கிக்கொள்கிறேன். வாழைப்பழத்தைத்தான் விளங்கவில்லை.

இதெல்லாம் வீட்டுக்குள் கிடக்கும்வரை எனக்குக் கரைச்சல் இல்லை. கரைச்சல், இவர் மைக்கைப் பிடித்தபோதுதான் தொடங்கியது.

ஸ்காபரோவில் இருந்து ஒலிபரப்பாகும் ஒரு சின்னத் தமிழ் இணைய வானொலி. அதை நடத்துகிறவர் இவருக்குத் தெரிந்தவர். சனிக்கிழமை காலையில் மரண அறிவித்தலுக்குப் பிறகு அரை மணித்தியாலம் சும்மா பாட்டுத்தான் போகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார். மரண அறிவித்தல் இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்களுக்குக் காலமைத் தேத்தண்ணீரோடு அது வேண்டும். யார் செத்தது, எந்த ஊர், யாருடைய சகலன், எந்த மண்டபத்தில் பார்வைக்கு வைக்கிறார்கள். ஒரு தரம் விளங்காவிட்டால் திரும்ப வாசிப்பார்கள் என்று றேடியோவை அணைக்காமல் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருந்த சனத்தின் காதுக்குள் என் கணவர் போய் இறங்கினார்.

நன்றாகச் செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணை ஒரு கிழமை முழுக்கக் கத்துவதை அரை மணித்தியாலத்துக்குள் சுருக்கி, நல்ல தமிழில், தாழ்ந்த குரலில் சொல்வார். அண்ணை "விழித்தெழுங்கள்" என்று அலறுகிற இடத்தில், "எதுக்கும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ" என்பார். சாவு அறிவித்தல் கேட்டுக் கலங்கிப்போய் இருக்கிற சனத்துக்கு அந்தக் குரல் வேதம் போல இறங்கியது. தமிழ்க் கடையில் மரவள்ளிக் கிழங்கு தெரிந்துகொண்டு நிற்கும்போது முன்பின் தெரியாத ஆட்கள் வந்து இவருடைய கையைப் பிடித்தார்கள். இவர் கிழங்கை விட்டுவிட்டு அரை மணித்தியாலம் கதைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. எங்கள் மகள்தான் விட்பியில் இருந்து போன் எடுத்துச் சத்தம் போட்டாள். "அம்மா, திஸ் இஸ் நொட் ஃபனி. பெரிய ஆக்கள் அப்பா சொல்றதை பிலீவ் பண்ணுறாங்க." நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சனத்துக்குள் முதல் ஆள் அக்கா. சொந்த அக்கா அல்ல. என் கணவரின் ஊரில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர், இவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கலியாணம் கட்டவில்லை. இங்கே வந்து காருக்கு இருக்கை உறை தைக்கும் தொழிற்சாலையில் ஓய்வெடுக்கும்வரை வேலை செய்தவர். ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஒரு உயர்ந்த கட்டடத்தில் தனியே இருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து சீட்டு விளையாடுவார். முன்னூற்றிநாலு என்கிற ஆட்டம். நாலாவது கை இல்லாததால் மூன்று பேராக ஆடுவோம். மூளை கத்தி. துரும்பை யார் எங்கே ஒளித்தாலும் பிடித்துவிடுவார். பிடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல மிக்சரை எடுத்து வாயில் போடுவார்.

அந்த அக்காதான் ஒரு சனிக்கிழமை ஆட்டினுக்குப் பதிலாக டைமனைப் போட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அடுத்த கையிலும் அப்படித்தான். பிறகு அக்கா சீட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, "உங்கட லைட் காணாது பிள்ளை" என்றார். புது லைட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான். கண்புரை. வலது கண் கிட்டத்தட்டப் போய்விட்டது, இடது கண்ணும் தொடங்கிவிட்டது, கனக்கப் பிந்தினால் ஒப்பரேசன் கடினமாகும் என்றார்கள். திகதி கிடைத்தது. அக்காவும் தலையாட்டினார். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருக்கும்போதுதான், வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட மாதிரி, அமெரிக்க அண்ணை கண் வில்லையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

கண்புரை ஒப்பரேசனில் வைக்கிற வில்லை வில்லை அல்ல, கமரா என்றார் அவர். நீங்கள் பார்ப்பதையெல்லாம் அவர்கள் பார்க்கிறார்கள். என் கணவர் அதை அப்படியே எடுத்துச் சனிக்கிழமை சொன்னார். அப்படியே சொன்னாலும் பரவாயில்லை. கை வைத்துவிட்டார். ஒட்டாவாவில் ஒரு பெரிய மண்டபம் இருக்கிறதாம். சுவர் முழுக்க ரி.வி. ஒவ்வொரு ரி.வி.யிலும் ஒவ்வொரு ஆளின் கண். யார் என்ன பார்க்கிறார்கள் என்று இருந்து எழுதுகிறார்களாம். மண்டபமும் ரி.வி.யும் அண்ணை சொன்னவை அல்ல, என் கணவருடைய சொந்தச் சரக்கு. கேட்டதற்கு, "கொஞ்சம் விளக்கமாச் சொன்னால்தான் சனத்துக்கு விளங்கும்" என்றார்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், இவருக்கு இரண்டு கண்ணிலும் அந்த ஒப்பரேசன் செய்தாயிற்று. ட்ரக் லைசென்சுக்குக் கண் சோதித்தபோது பிடிபட்டு, அப்போதே செய்தது. ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கண் பழுதென்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். "அப்ப உங்கட கண்ணுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்கு வைச்சது பழைய மொடல்" என்றார்.

அக்கா திகதியை ரத்துச் செய்துவிட்டார் என்பது எங்களுக்கு உடனே தெரியாது. மாதா கோயிலில்தான் தெரிய வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசையில் வேதாகமத்தின் முதலாம் வாசகம் அவருடையது. அதற்கென்று தனிச் சேலை உடுத்துவார். அன்றைக்கும் நிமிர்ந்து நடந்துபோய், புத்தகத்தைத் திறந்து, கணீரென்று வாசித்தார். ஒரு சொல் தடக்கவில்லை. இரண்டு வசனம் போனபிறகுதான் எனக்கு உறைத்தது, இது இன்றைய வாசகமே அல்ல. போன மாதம் வாசித்தது. புத்தகம் கண்ணுக்குத் தெரியாமல் மனப்பாடத்தில் சொல்லிக்கொண்டு நிற்கிறார். முடித்தார். சனம் முழுக்க "இறைவா உமக்கு நன்றி" என்றது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சாமியார் மட்டும் தலையைக் குனிந்து கொண்டார்.

பூசை முடிந்து கார் தரிப்பிடத்தில் கேட்டேன். "என்ர கண்ணுக்குள்ள ஒருத்தனும் கமரா வைக்கேலாது" என்றார் அக்கா. "உன்ர மனுசன் மட்டும் சொல்லியிருக்காட்டில் நான் போய்ப் படுத்திருப்பன். புண்ணியவான்." சொல்லிவிட்டு, இரண்டு கார் தள்ளி நின்ற வேறு யாருடையவோ வண்டியின் கதவை இழுத்தார்.

வீட்டுக்கு வந்து நான் கதைத்த கதையை இங்கே எழுத முடியாது. விசர், பேய்க்கதை, மடைத்தனம் என்று தொடங்கி, அண்ணையின் பரம்பரைவரை போனேன். என் கணவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "நான் அக்காவை நினைச்சுச் சொல்லேல்லையப்பா" என்றார். எனக்கும் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் ஒரு தாளை எடுத்து எழுதிக் கையில் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை இதை ஒரு சொல் பிசகாமல் வாசிக்கவேண்டும் என்றேன்.

வாசித்தார். கண் வில்லையைப் பற்றிச் சொன்னது பிழை, அது வெறும் பிளாஸ்ரிக், யாரும் பயப்படாமல் செய்துகொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிய முன்னமே என் போன் அடித்தது. அக்கா. மிகவும் மெதுவாகக் கதைத்தார்.

"பிள்ளை, ஓம் இல்லை எண்டு மட்டும் சொல்லு. அவனுக்குப் பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

"ஆர் அக்கா நிக்கிறது?"

"அவன்ர குரல் நடுங்கினது. அது அவன்ர கதை இல்லை. ஆரோ எழுதிக் குடுத்து வாசிப்பிச்சிருக்கினம்."

எழுதிக் கொடுத்தது நான்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். சொன்னதும் அக்கா, "உன்னையும் பிடிச்சிட்டாங்களோ" என்று கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் இங்கே கெட்டது நுணல் அல்லவே, அக்காவின் கண். அன்றைக்கே இரண்டு பேரும் வோபர்னுக்குப் போனோம். அக்கா கதவைச் சங்கிலி போட்டபடி திறந்து, உள்ளே விடாமல் இவரை விசாரித்தார். இவர் இவர்தானா என்று உறுதிப்படுத்த வேண்டுமாம். கோயில் திருநாளில் கொடிக்கம்பத்தில் ஏறி விழுந்தவன் ஆர்? உன்ர அப்பு ஆரின்ர வள்ளத்தைக் கடன் வாங்கிக் கடலில தாட்டவர்? எல்லாவற்றுக்கும் இவர் சரியாகப் பதில் சொன்னார். சங்கிலி விழுந்தது.

உள்ளே போய் இருந்ததும் என் கணவர் ஒரு துணிவோடு சொன்னார். "அக்கா, நான் ஒரு உண்மை சொல்லுறன். எனக்கும் ரெண்டு கண்ணும் செய்தது. ட்ரக் ஓடேக்கையே செய்தது. எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. பாருங்கோ."

நான் எதிர்பார்த்தது, அக்கா மனம் மாறுவார் என்று. அல்லது கோபிப்பார் என்று. அக்கா எழும்பி நின்று, சுவரைத் தடவிக்கொண்டு போய்க் குளியலறைத் துவாயை எடுத்து வந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் என்ர வீட்டை ஆக்களுக்குக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய். என்ர அரிசிப் பானையைக்கூடப் பாத்திருப்பாங்கள். முகத்தை மூடடா."

"அக்கா, அது பழைய மொடல்..." என்று தொடங்கிய என் கணவரை நான் காலால் ஒரு மிதி மிதித்தேன்.

அவர் தலையில் துவாயைப் போட்டபடி இருந்தார். பூப்போட்ட ஊதாத் துவாய். அக்கா அந்த நிலையிலும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், விருந்தாளி விருந்தாளிதானே. துவாய்க்குக் கீழால் கோப்பையைக் கொண்டுபோய் இவர் உறிஞ்சியதை நினைத்தால் இப்போதும் எனக்கு அடக்க முடியாது. குடித்து முடித்ததும், "தம்பி, நீ கீழ போய்க் காருக்குள்ள இரு. எனக்கு உன்னில கோவமில்லை. உன்ர கண்ணிலதான்" என்றார் அக்கா. இவர் துவாயோடேயே நடைபாதைவரை போய், அங்கே கழற்றிக் கதவுக் கைபிடியில் கொழுவிவிட்டுப் போனார்.

நானும் அக்காவும் தனித்தோம். எனக்குப் பொறுமை போய்விட்டது. விஞ்ஞானம் கதைத்தாயிற்று, கெஞ்சியாயிற்று. "அக்கா," என்றேன், "கமரா எண்டே வைப்பம். உங்கட கண்ணால ஒட்டாவாக்காரன் என்னத்தைப் பாக்கப் போறான்? நீங்கள் வெங்காயம் உரிக்கிறதையோ? நாங்கள் சீட்டு அடிக்கிறதையோ? பாத்தாப் பாத்திட்டுப் போகட்டுமன்."

"நான் பாக்கிற எல்லாத்தையும் பாப்பாங்களோ?"

"எல்லாத்தையும்."

"பாத்திட்டு, எழுதி வைப்பாங்களோ?"

"உங்கட தம்பி அப்பிடித்தானே சொன்னவர். மண்டபம் இருக்காம்." எனக்குக் கடுப்பில் வந்த வார்த்தை அது.

அக்கா யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. கதைக்கத் தொடங்கியபோது குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"என்ர தம்பியைக் கொண்டுபோகேக்கை நல்ல வெளிச்சம். காலமை. அவன் மஞ்சள் சேட்டுப் போட்டிருந்தவன். நான் கேற்றடியில நிண்டனான். அவன்ர முகத்தையும் பாத்தனான், கையைப் பிடிச்சு ஜீப்பில ஏத்தினவன்ர முகத்தையும் பாத்தனான். நாடியில ஒரு தழும்பு. எத்தினை கந்தோர், எத்தினை விசாரணை எண்டு போய்ச் சொன்னன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். ஆதாரம் இருக்கோ? நான் கண்ணால கண்டனான் ஐயா எண்டன். கண்டது ஆதாரமில்லை எண்டிட்டாங்கள்."

அவருக்கு ஒரு தம்பி இருந்ததும், கொண்டுபோனபிறகு திரும்பி வராததும் எனக்குத் தெரியும். என் கணவர் ஒரு தரம், ஒரே ஒரு தரம், அதுவும் பாதியில் நிறுத்திச் சொன்னது. நான் அக்காவிடம் கேட்டதில்லை. இத்தனை வருடம் அவரோடு சீட்டு விளையாடியிருக்கிறேன், கேட்டதில்லை.

"அண்டைக்கு எனக்கு இந்தக் கமரா வைச்சிருந்திருக்கவேணும், பிள்ளை" என்றார் அக்கா. பிறகு, "அந்தத் திகதியைத் திருப்பி எடு" என்றார்.

போனைக் கையில் எடுத்தேன். அழுதேன். அவர் அழவில்லை. எழும்பிப் போய், மிச்சமிருந்த தேத்தண்ணீரை எனக்கு ஊற்றித் தந்தார். கோப்பைக்கு வெளியேயும் கொஞ்சம் ஊற்றினார்.

கீழே காருக்குள் இருந்த என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த கிழமையே அவர் றேடியோக்காரருக்குப் போன் எடுத்து இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த அரை மணித்தியாலத்தில் இப்போது ஒருவர் வீடு விற்கிறார். அதற்கும் அதே சனம் காத்திருந்து காது கொடுக்கிறது. அமெரிக்க அண்ணை இன்னும் கத்துகிறார். இவரும் இன்னும் கேட்கிறார், ஆனால் போன் வயரைக் காதுக்குள் கொழுவிக்கொண்டு, தனக்கு மட்டும். இப்போது அண்ணை மீனைப் பற்றி ஏதோ சொல்கிறாராம். நான் கேட்கவில்லை. எனக்கு மீன் பிடிக்கும்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. மறுநாள் டொக்டரிடம் போய்க் கண்ணை மூடியிருந்த பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றிவிட்டு, நாங்கள் மூவரும் அக்காவின் வீட்டுக்கு வந்தோம். என் கணவர் துவாய் இல்லாமலே உள்ளே வந்தார். அக்கா முதலில் என்னைப் பிடித்து வைத்துப் பார்த்தார். "உனக்கு மீசை முளைச்சிருக்கு பிள்ளை, ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார். இவரைப் பார்த்து, "நீயும் கிழவனாப் போனாய்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு யன்னலடிக்குப் போனார். கீழே பஸ் தரிப்பில் நிற்கிற சனம், கடை வாசலில் பெட்டி இறக்குகிற பெடியன், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற ஒரு பெண். ஒவ்வொருவராக, முகத்தில் கண்ணை வைத்து, அவசரப்படாமல் பார்த்தார்.

என் கணவர் கிட்டப் போனார். "அக்கா," என்றார், "அது கமரா இல்லையக்கா. நான் சொன்னது பொய். வெறும் பிளாஸ்ரிக்."

"தெரியுமடா" என்றார் அக்கா. திரும்பவில்லை. அந்தப் பெண் தள்ளுவண்டியோடு தெருவைக் கடந்து முடியுமட்டும் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கினார்.